அஸ்பிராபொல்வெரே: எங்க பிரிக்கிறது, எங்க அமத்துறது?

பலேர்மோக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர மகள் இஞ்ச இத்தாலியில, பலேர்மோவில ரெண்டாம் வகுப்புப் படிக்கிறா. போன கிழமை வீட்டுப்பாடம், பத்து இத்தாலியச் சொல்லை அசை அசையாப் பிரிச்சு எழுதோணும். இவை அதைச் ‘சில்லபா’ எண்டு சொல்லுவினம். பிள்ளையள் கை தட்டித் தட்டித்தான் பிரிப்பினம், ஒரு தட்டுக்கு ஒரு சில்லபா. பத்தும் ரெண்டு சொல்லை ஒட்டி ஆக்கின சொல்லுகள். கொப்பியைப் பாத்த உடன எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. நான் வீடு துப்புரவாக்கிற வேலை செய்யிறன். மாயெஸ்த்ரா, அதுதான் ரீச்சர், என்ர வேலைப் பையைத் திறந்து பாத்து எழுதினமாதிரி இருந்தது.

அஸ்பிராபொல்வெரே, தூசி உறிஞ்சிற மெஷின். பொல்வெரே எண்டா தூசி. லவாஸ்தொவில்யே, கோப்பை கழுவிற மெஷின். அஷுகமானோ, கை துடைக்கிற துவாய். போர்த்தாஓம்ப்ரெல்லி, வாசலில குடை போடுற சாடி. பத்திஸ்கோபா எண்ட சொல்லுத்தான் எனக்குப் பிடிச்சது. சுவரடியில நிலத்தோட ஓடுற பட்டை. ஸ்கோபா தும்புத்தடி, பத்தி எண்டா இடிக்கிறது. தும்புத்தடி போய் இடிக்கிற இடமாம்! ஒன்பது வருசமா அந்தப் பட்டையைக் குனிஞ்சு துடைக்கிறன், பேரை உடைச்சுப் பாக்கிறதுக்கு ஒரு வீட்டுப்பாடம் வேண்டிக்கிடந்தது.

சரி, விசயத்துக்கு வாறன். நான் உதவி செய்யிறன் எண்டு அஸ்-பி-ரா-பொல்-வெ-ரே எண்டு பிரிச்சுக் குடுத்தன். பத்திஸ்கோபாவை பத்-திஸ்-கோ-பா எண்டு. லவாஸ்தொவில்யேயும் அப்பிடித்தான், ‘வாஸ்’ எண்டு வெட்டினன். மூண்டும் சிவப்பு மையில திரும்பி வந்திட்டுது. அ-ஸ்பி, தி-ஸ்கோ, வா-ஸ்தொ எண்டு மாயெஸ்த்ரா திருத்தியிருக்கிறா. “அம்மா, இனி நானே செய்யிறன்” எண்டு மகள் கொப்பியை வாங்கிக்கொண்டு போட்டா. ஆனா நான் நூறு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாத்திட்டன். எனக்குக் கேக்கிறது அஸ்-பிதான். என்ர காது பிழையோ?

ரெண்டாவது, ஒட்டின இடத்திலதான் வெட்டவேணுமோ? மலுமோரே எண்டு ஒரு சொல் இருக்கு, மனம் சரியில்லாத நிலை. மால் எண்டா கெட்ட, உமோரே எண்டா மனநிலை. மகள் ம-லு-மோ-ரே எண்டு எழுதினதுக்குச் சரி போட்டிருக்கு. மேல் மாடியில இருக்கிற பெரிய வகுப்புப் பொடியன் மால்-உ எண்டுதான் வரோணும் எண்டு அடம்பிடிக்கிறான்.

மூண்டாவதுதான் பெரிசு. அழுத்தம். கன காலமா நான் அஸ்பிராபொல்‘வே’ரே எண்டு ‘வே’யில அமத்திச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். ஒருநாள் வேலை வீட்டுச் சின்னப் பேரன் விழுந்து விழுந்து சிரிச்சான். சின்யோரா, அந்த வீட்டுக்கார அம்மா, அவனை அதட்டிப்போட்டு எனக்குச் சொல்லித் தந்தா. ‘பொல்’லில அமத்தோணும், ஏனெண்டா பொல்வெரே எண்ட சொல்லுக்கே அதிலதான் அழுத்தம் எண்டு. எனக்கு வெளிச்சம் வந்தமாதிரி இருந்தது. கடைசிச் சொல்லின்ர அழுத்தம் எதுவோ அதுதான் முழுச் சொல்லுக்கும். அஷுகமானோவுக்கு மானோவின்ர அழுத்தம், சாம்பல் தட்டு போர்த்தாசெனெரேக்கு செனெரேயின்ர அழுத்தம். எல்லாம் சரிவந்தது.

பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில போய் நல்ல தைரியமா தெர்மோ‘மே’த்ரோ தாங்கோ எண்டு கேட்டன். மெத்ரோ எண்ட சொல்லை ‘மே’யில அமத்தித்தானே சொல்லுறது, தையல்கடையில துணி அளக்கேக்க அப்பிடித்தானே கேக்கிறம். அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டு எடுத்துத் தந்திது, ஆனா திருப்பிச் சொல்லேக்க தெர்‘மோ’மெத்ரோ எண்டிது. கிலோமெத்ரோவும் அப்பிடியாம், ‘லோ’வில அழுத்தம். ஆனா கிலோக்ராம்மோ எண்டா ‘க்ராம்’மில! ரெண்டிலயும் முன்னுக்கு அதே கிலோ. ஏன் இப்பிடி? ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

லொறிக்காரன், மோதெனா:

அக்கா, இவ்வளவு யோசிக்காதேங்கோ. கடைசிக்கு முந்தின அசையில அமத்துங்கோ. அனேகமாச் சரிவரும். நான் பதினோரு வருசமா அப்பிடித்தான் கதைக்கிறன், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. தெர்மோமீட்டரை எப்பிடிக் கேட்டா என்ன, காய்ச்சல் குறைஞ்சாச் சரி.

பழைய அச்சு:

லொறிக்காரத் தம்பி, நீர் இருக்கிற ஊரே உமக்கு எதிரான சாட்சி. மோதெனாவுக்கு அழுத்தம் முதல் அசையில, ‘மோ’வில. நீர் மோ‘தே’னா எண்டு சொல்லி ஒருத்தரும் திருத்தேல்லையெண்டா அது அந்த ஊர்ச்சனத்தின்ர பெருந்தன்மை. அனேகமான இத்தாலியச் சொல்லுக்கு நீர் சொன்ன இடம்தான், அதை இவை ‘பியானா’ எண்டுவினம். ஆனா கடைசியில இருந்து மூண்டாவதில விழுகிற கூட்டமும் பெரிசு. அதுக்குப் பேர் ‘ஸ்த்ருச்சொலா’, வழுக்கி ஓடுறது எண்டமாதிரி. பொல்வெரே, செனெரே, மோதெனா எல்லாம் அந்தச் சாதி. பலேர்மோவுக்குப் பக்கத்தில த்ராபனியும் அதுதான், ‘த்ரா’வில அழுத்தம்.

தங்கச்சிக்கு ஆறுதலாப் பதில் எழுதிறன். நான் பொலோஞ்ஞாவில ஒரு சின்ன அச்சகத்தில பத்தொன்பது வருசம் பக்கம் கட்டினனான். நீங்கள் வாங்கின சிவப்பு மையை நான் அதைவிடக் கூட வாங்கியிருக்கிறன். சேந்த புதிசில ஒரு சமையல் புத்தகம். கம்ப்யூட்டரில மொழி ஆங்கிலமெண்டு கிடந்ததை நான் கவனிக்கேல்லை. வரி முடிவில ‘பாஸ்’ எண்டு நிண்டு, அடுத்த வரியில ‘தா’. ஒரு இடமெண்டாப் பரவாயில்லை, சமையல் புத்தகத்தில பாஸ்தா எத்தினை தரம் வரும் எண்டு யோசியுங்கோ. அச்சகத்துத் தலைவரை ‘ப்ரோதோ’ எண்டுவினம். எங்கட ப்ரோதோ கத்தேல்லை. புரூஃபை மேசையில விரிச்சு, எல்லாத்தையும் என்னைக்கொண்டே வட்டம் போடுவிச்சார். பிறகு ஒரே ஒரு விதி சொன்னார். இண்டைக்கும் நான் அதை வைச்சுத்தான் பிரிக்கிறன்.

ஒரு மெய்க்கூட்டத்தால ஒரு இத்தாலியச் சொல் தொடங்க ஏலுமோ எண்டு பார். ஏலுமெண்டா, அந்தக் கூட்டம் முழுக்க அடுத்த அசைக்குப் போகும். ஏலாதெண்டா நடுவில வெட்டு.

ஸ்தாஸியோனே, ஸ்பேக்கியோ, ஸ்கோபா, ஸ்த்ராதா. ‘ஸ்’ஸும் இன்னொரு மெய்யும் சேந்து எத்தினையோ சொல்லைத் தொடக்கிது. அதால அ-ஸ்பி, தி-ஸ்கோ. ‘ல்வ’ எண்டு ஒரு சொல்லும் தொடங்காது, அதால பொல்-வெ. ‘ர்த’ தொடங்காது, போர்-தா. ‘ப்ர’ தொடங்கும், தகரப்பேணி திறக்கிற சாமான் அ-ப்ரி-ஸ்கா-தொ-லே. ஒரே எழுத்து இரட்டிச்சு வந்தா எப்பவும் நடுவில வெட்டு. பத்-தி, ப்ரெல்-லி. அஷுகமானோவில ‘ஷு’வை அவை நாலு எழுத்தில எழுதினாலும் சத்தம் ஒண்டுதான், உடைக்கப்படாது. லவாஸ்தொவில்யேயின்ர கடைசித் துண்டும் அப்பிடி, ‘ல்யே’ முழுசா ஒரே அசை. எங்கட காது அதை வில்-யே எண்டு வெட்டச் சொல்லும், கொப்பியில வி-ல்யே எண்டுதான் வரோணும்.

ஒட்டின இடம் பற்றிக் கேட்டீங்கள். பள்ளிக்கூடத்தில ஒட்டைப் பாக்கிறேல்லை. முழுச் சொல்லையும் ஒரே சொல்லா நினைச்சுப் பிரிக்கிறது. பயப்பிடாதேங்கோ, அனேகமா ரெண்டும் ஒரே இடத்திலதான் விழும். காரணம், இத்தாலியத்தில முதல் பாதி அனேகமா உயிரிலதான் முடியும். போர்த்தா, லவா, அஷுகா, பத்தி, கபோ, எல்லாம் உயிரில முடியிறது. அதால ஒட்டு தானாகவே அசை எல்லையில வந்து நிக்கும். சண்டை வாறது முதல் பாதி மெய்யில முடிஞ்சு, ரெண்டாவது உயிரில தொடங்கேக்கதான். மலுமோரே அந்தக் கேஸ். உங்கட மகள் செய்ததுதான் பள்ளிக்கூட முறை, ம-லு. எங்கட பல்+ஆண்டு பல்லாண்டு ஆகேக்க மெய்யில உயிர் ஏறிக் குந்துமே, அதே வேலைதான். மேல் மாடிப் பொடியனையும் முழுக்கப் பிழை எண்டு சொல்லாதேங்கோ. ‘த்ரான்ஸ்’, ‘திஸ்’ மாதிரி முன்னொட்டு வாற சொல்லுகளில மூலத்தைப் பாத்து வெட்டினாலும் செல்லும் எண்டு இலக்கணப் புத்தகங்கள் விட்டுக்குடுக்கும். இத்தாலியத் தர அமைப்பு ஊனி, வரி முடிவில சொல் பிரிக்கிறதுக்கெண்டே 6461 எண்ட இலக்கத்தில ஒரு விதித்தாள் வைச்சிருக்கு. நாங்கள் தமிழில எந்த எழுத்தோடயும் வரியை முறிச்சுப்போட்டு அடுத்ததுக்குப் போற சனம், கோடு கூடப் போடுறேல்லை. இவைக்கு அதுக்கே ஒரு இலக்கம் வேணும்.

இன்னொண்டு, அச்சில வாறதைப் பாத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதேங்கோ. போர்த்தாஓம்ப்ரெல்லி பள்ளிக்கூடத்தில போர்-தா-ஓம்-ப்ரெல்-லி, அஞ்சு தட்டு. அச்சில ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில நாங்கள் முறிக்கிறேல்லை, ரெண்டு உயிரைப் பிரிக்கிறதைத் தவிர்ப்பம். அஸ்பிராபொல்வெரேயின்ர முதல் ‘அ’வையும் வரி முடிவில தனிய விடமாட்டம், பாக்க அசிங்கம். இது கண்ணுக்கான ஒழுங்கு. தட்டுற கைக்கு அது தேவையில்லை.

இனி அழுத்தம். இதில இருந்து அழுத்தம் விழுகிற அசையை [ ] போட்டுக் காட்டுறன்.

உங்கட சின்யோரா சொன்னது சரி. உயிரோட இருக்கிற ரெண்டு சொல்லை ஒட்டினா, முக்கிய அழுத்தம் ரெண்டாவது சொல்லுக்கு, அது தனிய நிக்கேக்க எங்க விழுமோ அங்க. முதல் சொல்லுக்கு ஒரு மெல்லிய தட்டு மட்டும் மிஞ்சும். அ-ஸ்பி-ரா-[பொல்]-வெ-ரே, அ-ப்ரி-[ஸ்கா]-தொ-லே, அ-ஷு-க-[மா]-னோ. ரோமில ஆத்தங்கரைத் தெருவுக்கு லுங்கோதேவெரே எண்டு பேர். தேவெரே ஆத்துக்கு ‘தே’யில அழுத்தம், அதால லுங்-கோ-[தே]-வெ-ரே.

ஆனா தெர்மோமெத்ரோ அந்தக் குடும்பம் இல்லை. அது கிரேக்கத் துண்டுகளை வைச்சுப் படிச்ச ஆக்கள் கட்டின சொல். கிலோமெத்ரோவும் கிலோக்ராம்மோவும் 1795ல பிரான்ஸ் மெத்ரிக் அளவைச் சட்டம் கொண்டுவந்ததுக்குப் பின்னால பரவின சொல்லுகள். இப்பிடியான சொல்லுக்கு அழுத்தம் வைக்கிறதுக்கு இவை லத்தீன் விதியைத்தான் எடுத்தவை. கடைசிக்கு முந்தின அசை கனமா இருந்தா அழுத்தம் அதில நிக்கும், லேசா இருந்தா இன்னொண்டு முன்னால தாவும்.

கனம், லேசு எண்டா என்ன? இஞ்சதான் அசை பிரிப்பு வேலை செய்யிது. கி-லோ-க்ராம்-மோ எண்டு பிரியுங்கோ. ‘ம்’ இரட்டிச்சதால ‘க்ராம்’ ஒற்றோட மூடி நிக்கிது. கனம். அழுத்தம் அங்கயே தங்கிட்டுது. கி-லோ-மெ-த்ரோ எண்டு பிரியுங்கோ. ‘த்ர’ சொல்லுத் தொடக்கிற கூட்டம் (ஸ்த்ராதாவை விடுங்கோ, ரயிலுக்கு ‘த்ரேனோ’ எண்டுறமே), அதால முழுசா அடுத்த பக்கம் போட்டுது. மிஞ்சினது ‘மெ’, மூல மொழியில குறில், ஒற்றும் இல்லை. லேசு. அழுத்தம் அதைத் தாண்டி ‘லோ’வில ஏறிட்டுது. பள்ளிக்கூடத்தில நேரசை நிரையசை படிச்சனாங்கள்தானே, தனிக்குறில் முன்னுக்கு நிண்டாத் தனிய அசையாகாது, பக்கத்து எழுத்தைக் கூப்பிடும். அந்த ஞாபகத்தோட பாத்தா இது புதுசே இல்லை. ப்ரோதோ இதைச் சொல்லித் தரேல்லை. வருசக்கணக்கா வட்டம் போட்டுப் போட்டு ஒருநாள் நானாப் பிடிச்சது. அண்டைக்கு மத்தியானம் சாப்பிடவும் போகேல்லை.

கையில வைச்சிருக்க ஒரு கூட்டம் தாறன். மெத்ரோ, க்ராஃபோ, லொகோ, ஃபெரோ, வொரோ, ட்ரொமோ எண்டு முடிஞ்சா அழுத்தம் அதுக்கு முந்தின அசையில. தெர்-[மோ]-மெ-த்ரோ, ஃபொ-[தோ]-க்ர-ஃபோ, ஃபியம்-[மி]-ஃபெ-ரோ. உங்கட ஃபவோரிதாப் பூங்காவில குதிரை ஓடுற இடம் இப்-[போ]-ட்ரொ-மோ. தெ-[லே]-ஃபொ-னோவும் இந்த வரிசைதான், ஆனா அதில ஒரு களவு இருக்கு. கிரேக்கத்தில அந்த ‘ஃபோ’ நெடில், விதிப்படி அழுத்தம் அங்க நிக்கோணும். பின்னால பிறந்த சொல், அண்ணன்மாரைப் பாத்து நடந்திட்டுது.

எழுத்தில இவை அழுத்தக்குறி போடுறது சொல்லின்ர கடைசி எழுத்தில அழுத்தம் விழுந்தா மட்டும்தான். அதில ஒரு விளையாட்டு இருக்கு. மூண்டுக்கு ‘த்ரே’, ஒரே அசை, குறி இல்லை. இருபத்திமூண்டு ‘வெந்தித்ரே’, குறி கட்டாயம். நீலம் ‘ப்ளூ’, குறி இல்லை. எங்கட பொலோஞ்ஞா பந்தணி சிவப்பு நீலம், ‘ரொஸ்ஸோப்ளூ’, குறி வேணும். விளையாட்டு நாளில தெருவில தொங்குற துணியில பாதியில குறி இராது. நான் ஏணி வைச்சுப் போடப் போய் மனிசி தடுத்தவ.

மதுரைக்காரன், பாதொவா:

அச்சு ஐயா சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஆனா அது அக்காவோட முதல் கேள்வி. நான் இங்க மொழியியல் படிக்கிறேன். அக்கா, உங்க காது பிழையில்லை. கொப்பியில அ-ஸ்பின்னு எழுதணும், அது சரி. வாயில அஸ்-பிதான் வருது, இத்தாலியர்களுக்கும்.

எப்படித் தெரியும்னா, காஸான்னு ஒரு இத்தாலியரைச் சொல்லச் சொல்லுங்க. முதல் உயிர் நல்லா நீளும். இவங்க மொழியில அழுத்தம் விழற அசை கடைசி அசையா இல்லாம, உயிரிலேயே திறந்து முடிஞ்சா அந்த உயிர் நீளும். இப்போ பாஸ்தா சொல்லச் சொல்லுங்க. நாம தமிழ்ல ‘பா’ன்னு நெடில்ல எழுதுறோமே ஒழிய, அவங்க அதை நீட்டறதில்லை. பா-ஸ்தான்னு நிஜமாவே பிரிஞ்சிருந்தா நீண்டிருக்கணும். நீளலைன்னா ‘ஸ்’ வந்து அந்த அசையை மூடிடுச்சுன்னு அர்த்தம்.

இன்னொரு சாட்சி ரொம்ப அழகு. எழுத்து மூலமா குடுங்கன்னு கேக்கணும்னா இவங்க இன்னைக்கும் ‘பெர் இஸ்க்ரித்தோ’ன்னு சொல்வாங்க. சொல் வெறும் ஸ்க்ரித்தோதான். முன்னாடி மெய் வந்ததும் ‘ஸ்’ தொங்க இடமில்லாம ஒரு ‘இ’யைக் கூப்பிட்டுக்குது. எங்க பாட்டி இஸ்கூல், இஸ்டூல்னு சொல்வாங்க. அதே ‘இ’. பாட்டிக்கு இத்தாலியம் தெரியாது, இத்தாலியர்களுக்குப் பாட்டியைத் தெரியாது.

அதனால ப்ரோதோ விதி எழுத்துக்கான விதி. அதைத் திட்டவும் வேணாம், காது மேல சந்தேகப்படவும் வேணாம். ஐயா சொன்ன கிலோமெத்ரோ கணக்கு அப்படியே நிக்குது, ஏன்னா ‘த்ர’ நிஜமாவே சேர்ந்து நகர்ற கூட்டம். ‘ஸ்’ மட்டும்தான் ரெண்டு வீட்டுப் பிள்ளை.

ஒட்டைப் பத்தி ஒரு சின்ன விஷயம். இங்க வடக்குல ரெண்டு உயிருக்கு நடுவுல வர்ற ‘ஸ்’ வண்டு ரீங்காரம் மாதிரி அதிரும். காஸாவை அப்படித்தான் சொல்றாங்க. ஆனா சூரியகாந்திக்கு ஜிராஸோலே. ஜிரா திரும்பு, ஸோலே சூரியன். அதுல ‘ஸ்’ ரெண்டு உயிருக்கு நடுவுலதான் இருக்கு, ஆனா அதிராது. சோப்புப் பெட்டி போர்த்தாஸபோனேயும் அப்படித்தான். ஸோலே, ஸபோனே தனிச் சொல்லுங்கறதை நாக்கு மறக்கலை. அசை பிரிக்கிற கோடு ஒட்டைக் கண்டுக்காது, நாக்கு கண்டுக்கும். பலேர்மோவுல இது உங்களுக்குக் கேக்காது அக்கா, தெற்குல ரெண்டு உயிருக்கு நடுவுல வர்ற ‘ஸ்’ அதிராமத்தான் வரும்.

கொசுறு: தொன்னூல் விளக்கத்துல நமக்கே யாப்பு எழுதின வீரமாமுனிவர் 1680ல பிறந்த ஊர் பேரு காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. அசை பிரிச்சா ரெண்டு ‘ஸ்த’ இருக்கு. அவரு எந்தப் பக்கம் வெட்டியிருப்பாரோ.

அப்புறம் லொறிக்கார அண்ணே, என் ஊர் பாதொவாவுக்கும் அழுத்தம் ‘பா’வுலதான். வந்த முதல் வருஷம் ரயில்வே கவுண்டர்ல பா‘தோ’வான்னு கேட்டவன் நான். உங்களுக்குத் துணை இருக்கு.

லொறிக்காரன், மோதெனா:

இண்டைக்கு வேலையில மூண்டு பேரிட்ட மோதெனாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டன். மூண்டு பேரும் [மோ]. பதினோரு வருசம்!

பலேர்மோக்காரி:

அண்ணைக்கும் தம்பிக்கும் பெரிய நன்றி. ரெண்டு நாளா வேலை செய்யேக்க இதுதான் தலைக்குள்ள ஓடுது. சுவர்ச் சூடாக்கிக்கு தெர்மோஸிஃபோனே எண்டு சொல்லுறதுதானே. தெர்மோ எண்டு தொடங்கின உடன தெர்மோமெத்ரோ மாதிரி ‘மோ’வில அமத்தவோ எண்டு பயந்திட்டன். பிறகு யோசிச்சன், ஸிஃபோனே தனிய இருக்கிற சொல், தண்ணி வடியிற வளைஞ்ச குழாய், குசினித் தொட்டிக்குக் கீழ நான் நாளும் பாக்கிறது. அதுக்கு ‘ஃபோ’வில அழுத்தம். அப்ப தெர்-மோ-ஸி-[ஃபோ]-னே. சின்யோராவிட்ட சொல்லிப் பாத்தன், ஒண்டும் சொல்லேல்லை. ஒண்டும் சொல்லாட்டிச் சரி எண்டு அர்த்தமா, லொறிக்காரத் தம்பிக்கு நடந்தமாதிரியா எண்டு தெரியாது. அதால பேரனிட்டயும் சொல்லிப் பாத்தன். சிரிக்கேல்லை. அவன்தான் நம்பிக்கையான ஆள்.

காது பிழையில்லை எண்டதை மகளிட்டச் சொன்னன். “அப்ப மாயெஸ்த்ரா பிழையா?” எண்டா. இல்லையம்மா, அவ எழுதிறதைச் சொல்லுறா, நான் கேக்கிறதைச் சொல்லுறன் எண்டன். நம்பேல்லை எண்டு முகத்தில தெரிஞ்சது. பாட்டியின்ர இஸ்கூலைச் சொன்ன உடனதான் சிரிச்சா, அவவின்ர அம்மம்மாவும் போனில அப்பிடித்தான் கேக்கிறவ, “இஸ்கூல் முடிஞ்சுதோ?” எண்டு.

அண்ணை, இண்டைக்குப் புது வீட்டுப்பாடம் வந்திருக்கு. பாக்குவெட்டி மாதிரி ஒண்டு, அக்ரோட் கொட்டை உடைக்கிறது. ஸ்கியாச்சாநோசி. எழுத்தைப் பாத்தா பதின்மூண்டு எழுத்து, எனக்குத் தலை சுத்துது. மகள் என்னைக் கேக்காமலே தட்டிப்போட்டா. எத்தினை தட்டு எண்டு சொல்லாமல் உங்களிட்டக் கேட்டுப் பாக்கிறன்.

பழைய அச்சு:

ஸ்கியாச்-சா-[நோ]-சி. நாலு. பிள்ளை எத்தினை தட்டினவ?

பலேர்மோக்காரி:

நாலு.